ஊசிதானே என்கிற அலட்சியம்

“ஆபரேஷன் இல்லையே சித்தப்பா, ஊசிதானே?” என்று உறவுக்காரப் பெண் ஒருத்தி சில மாதங்களுக்கு முன் என்னிடம் கேட்டாள். வயது 23. வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது. வீட்டில் வரன் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்களில் யாரோ ஒருவர் கூடத்தில் உட்கார்ந்து, “முகவாயே இல்லையே” என்று முணுமுணுத்தது சமையலறையில் நின்ற அவள் காதில் விழுந்திருக்கிறது. அன்றிரவே கைப்பேசியில் தேடியிருக்கிறாள். அரை மணி நேரத்தில் கத்தியின்றி, தையலின்றி மோவாயை எடுப்பாக்கித் தருவதாகச் சொல்லும் விளம்பரங்கள் வரிசைகட்டி வந்தன. ஒன்றில் தோல் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருந்தன. இன்னொன்றில் பார்லரின் பெயர் மட்டும் இருந்தது, கட்டணம் பாதி.

அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. தன் முகத்தைத் திருத்திக்கொள்ள ஒருவர் விரும்புவது குற்றமாகாது. தெற்றுப்பல்லுக்குக் கம்பி கட்டுகிறோம், நரைக்குச் சாயம் பூசுகிறோம். மோவாய்க்கு ஃபில்லர் எனும் நிரப்பு ஊசி போட்டுக்கொள்வதை மட்டும் ஒழுக்கக்கேடுபோலப் பேச நமக்கு உரிமை கிடையாது. என் கவலையெல்லாம் அவள் கேள்வியின் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. ‘ஊசிதானே’ என்ற சொல் ஒரு மருத்துவச் சிகிச்சையைக் கொண்டுபோய் முடிதிருத்தத்தின் வரிசையில் வைத்துவிடுகிறது. யார் போடுகிறார், எதைப் போடுகிறார், தவறினால் என்ன செய்வார் என்ற மூன்று கேள்விகளையும் அந்த ஒரு சொல் விழுங்கிவிடுகிறது.

மெழுகில் தொடங்கிய கதை

முகத்துக்குள் ஒரு பொருளைச் செலுத்தி வடிவத்தை மாற்றும் முயற்சிக்கு 120 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. 1899இல் வியன்னாவின் அறுவை மருத்துவர் ராபர்ட் கெர்சுனி, காசநோயால் விதைகளை இழந்த ஒருவருக்கு வாசலினைச் செலுத்தி இழந்த வடிவத்தை மீட்டுத்தந்தார். நோயாளிக்காகச் செய்த அந்த முறையை அழகுக்காகக் கைக்கொள்ள அதிகக் காலம் பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் ஐரோப்பாவின் செல்வர்கள் மூக்கிலும் கன்னத்திலும் பாரஃபின் மெழுகை ஏற்றிக்கொண்டார்கள்.

அவர்களில் ஒருவர் கிளாடிஸ் டீக்கன். அமெரிக்கப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்தவர். பிற்காலத்தில் இங்கிலாந்தின் மார்ல்பரோ கோமகனை மணந்தவர். அழகுக்காகவே ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டவர். கிரேக்கச் சிலைகளில் இருப்பதுபோல் நெற்றியும் மூக்கும் ஒரே கோடாக அமைய வேண்டும் என்று ஆசைப்பட்டு, இருபது வயதைக் கடந்த சிறிது காலத்திலேயே மூக்கில் மெழுகு ஏற்றிக்கொண்டார். நாளடைவில் அந்த மெழுகு இடம்பெயர்ந்து, மோவாய்ப் பக்கம் இறங்கி, முகத்தைக் குலைத்துவிட்டது. 1977இல் 96ஆவது வயதில் இறக்கும்வரை அந்த முகத்தோடுதான் வாழ்ந்தார். அவருக்கு மெழுகு ஏற்றிய நாளிலும் கத்தி எடுக்கப்படவில்லை.

மெழுகுக்குப் பிறகு திரவ சிலிகான் வந்தது. அது தோலுக்கடியில் கட்டிகளையும் புண்களையும் உண்டாக்கியதால், அமெரிக்காவின் நெவாடா மாநிலம் 1970களில் அந்த ஊசியையே குற்றமாக்கியது. 1981இல் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது. சிலருக்கு அது ஒவ்வாமை தந்ததால், போடுவதற்கு முன் தோலில் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 2003இல் ஹையலுரானிக் அமில ஜெல்லுக்கு ஒப்புதல் கிடைத்தது. இன்று உலகெங்கும் ‘ஃபில்லர்’ என்றாலே பெரும்பாலும் இதுதான்.

இந்த அமிலம் நம் உடலுக்கு அந்நியமில்லை. 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணின் உள்ளிருக்கும் கூழிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் இது ஏறத்தாழ 15 கிராம் இருக்கிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு தினமும் சிதைந்து புதிதாக உருவாகிறது. அப்படியே செலுத்தினால் விரைவில் கரைந்துவிடும் என்பதால், அதன் நீண்ட இழைகளை வேதிப்பொருள் கொண்டு ஒன்றோடொன்று முடிச்சிட்டு வலைபோல் ஆக்குகிறார்கள். முடிச்சு இறுகினால் ஜெல் விறைப்பாக இருக்கும். தளர்ந்தால் மென்மையாக இருக்கும். உதட்டுக்கு மென்மையானது, மோவாய்க்கு எலும்பைப் போல் நின்று தாங்கும் விறைப்பானது என்று தேர்கிறார்கள். அத்தகைய ஒரு ஜெல்லை மோவாய்க்கென்றே பயன்படுத்த அமெரிக்க நிர்வாகம் ஒப்புதல் தந்தது 2020 ஜூன் மாதத்தில்தான். அதுவும் 21 வயதைக் கடந்தவர்களுக்கு மட்டும்.

ஊசியால் ஆவதும் ஆகாததும்

ஒரு சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டர் ஜெல் இருக்கும். ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்கு. மோவாய்க்கு ஒன்று முதல் மூன்று சிரிஞ்ச் வரை தேவைப்படலாம். தேர்ந்த மருத்துவர் அதை எலும்பை ஒட்டிய ஆழத்தில், சிறிது சிறிதாக வைக்கிறார். லேசாக உள்வாங்கிய மோவாய் இதனால் முன்னுக்கு வரும். விபத்தில் விழுந்த பள்ளம் நிரவும். ஒருபுறம் சாய்ந்த மோவாய் நேராகும். சிலிகான் கட்டை வைக்கும் அறுவைக்கோ, எலும்பை அறுத்து முன்னகர்த்தும் அறுவைக்கோ அஞ்சுகிறவர்களுக்கு இது உண்மையான ஒரு வழி. செய்து பார்த்தபின் பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம் என்பது இதன் பெரிய நன்மை. இந்த நன்மைகளை மறைத்து இதை எதிர்ப்பது நேர்மையாகாது.

ஆனால், சில மில்லிலிட்டர் ஜெல்லால் தாடையெலும்பை வளர்க்க முடியாது. கீழ்த்தாடையே சிறுத்துப் பின்தங்கியிருந்தால், குறை மோவாயோடு நிற்பதில்லை. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாது. நாக்கு பின்னோக்கித் தள்ளப்பட்டு மூச்சுப்பாதை குறுகும். சிறுத்த தாடை, உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய்க்கான காரணங்களுள் ஒன்று. இரவில் குறட்டை, பகலில் தூக்கக் கலக்கம், காலையில் தலைவலி என்று வருகிறவருக்குத் தேவை உறக்கப் பரிசோதனையும் தாடை அறுவை நிபுணரின் ஆலோசனையும். அவருக்கு மோவாயில் ஜெல்லை ஏற்றி அனுப்பினால், விரிசல்விட்ட சுவருக்கு வெள்ளையடித்த கதைதான். முகம் சரியானதாகத் தெரியும். மூச்சு அடைபட்டபடியே இருக்கும். மோவாய் ஏன் உள்வாங்கியிருக்கிறது என்று கேட்பது மருத்துவரின் வேலை. பார்லரில் அந்தக் கேள்வி எழ வழியில்லை.

செலவும் ஒருமுறையோடு முடிவதில்லை. ஒரு சிரிஞ்சுக்கு 20 ஆயிரம் ரூபாயும் அதற்கு மேலும் ஆகிறது. பலன் ஏறத்தாழ ஓராண்டு, சிலருக்கு அதைவிடச் சற்று அதிகம். பிறகு மீண்டும் போட வேண்டும். பலன் குறைந்ததாகத் தோன்றினாலும் ஜெல் முற்றிலும் போய்விட்டது என்று பொருளில்லை. ஆண்டுகள் கழித்தும் அது திசுவுக்குள் தங்கியிருப்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருக்கின்றன. மோவாயில் ஃபில்லர் போட்டுக்கொண்ட ஆசிய நோயாளிகளை ஆராய்ந்த ஒரு தொடக்கநிலை ஆய்வு, ஜெல் அழுந்திய இடத்தில் எலும்பு தேய்ந்திருந்ததைக் கண்டது. தொடக்கநிலை ஆய்வு முடிவான தீர்ப்பாகாது. ஆனாலும் 23 வயதில் தொடங்கி ஆண்டுதோறும் போட நினைப்பவரிடம் இதைச் சொல்லாமல் மறைப்பது அநீதி.

ரத்தக்குழாய் அடைபட்டால்

பெரும்பாலானவர்களுக்கு வருவது சிறு வீக்கமும் சில நாள் கன்றலும்தான். ஆனால், முகத்தில் விரல் வைக்கும் இடமெல்லாம் ரத்தக்குழாய். மோவாய்க்குக் கீழே தாடையின் விளிம்பை ஒட்டி ஒரு தமனி வருகிறது; எலும்பில் உள்ள சிறு துளை வழியே இன்னொன்று வெளிவருகிறது. நாக்கின் அடித்தளத்துக்குப் போகும் குழாயோடும் இவற்றுக்குத் தொடர்பு உண்டு. ஊசிமுனை இவற்றில் ஒன்றுக்குள் புகுந்து ஜெல் உள்ளே போய்விட்டால், அதற்கு அப்பாலுள்ள திசுவுக்கு ரத்தம் நின்றுபோகும். தோல் வெளிறும்; தாங்க முடியாத வலி வரும்; பிறகு வலைபோன்ற நீலத்திட்டுகள் படரும். கவனிக்காமல் விட்டால் அந்த இடம் அழுகும். மோவாய் ஊசிக்குப் பின் நாக்கின் ஒரு பகுதி அழுகியதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. மூக்கிலும் புருவ நடுவிலும் ஆபத்து இன்னும் அதிகம். ஜெல் கண்ணின் ரத்தக்குழாய்வரை போய்ப் பார்வையைப் பறித்த நிகழ்வுகள் உண்டு. இவை அரிதானவை. ஆனால், நிகழ்ந்துவிட்டால் கண்ணுக்குக் கிடைக்கும் அவகாசம் நிமிடக் கணக்கில்தான்.

இதற்கு மாற்று மருந்து இருக்கிறது. ஹையலுரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்தினால் இந்த ஜெல் கரைந்துவிடும். அந்தக் குப்பி அதே அறையில் இருக்க வேண்டும்; எவ்வளவு, எங்கே, எத்தனை முறை செலுத்துவது என்று தெரிந்த கை அங்கே இருக்க வேண்டும். வெளிறிய தோலைப் பார்த்ததும் “ஐஸ் வைத்தால் சரியாகிவிடும்” என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் இடத்தில் இழக்கப்படும் ஒவ்வொரு மணி நேரமும் திசுவின் சாவு. உள்ளே போனது கால்சியம் சார்ந்த ஃபில்லராகவோ சிலிகானாகவோ இருந்தால் இந்த நொதியும் கரைக்காது. சிரிஞ்சின் மேல் ஒட்டியிருக்கும் பெயர் உண்மையானதுதானா என்பதில் முகத்தின் கதியே அடங்கியிருக்கிறது.

இணையத்தில் ஊசியில்லாப் பேனா என்று ஒரு கருவியும் விற்கிறது. அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சும் அதை வீட்டிலேயே பயன்படுத்தலாம் என்று காணொளிகள் சொல்லித்தருகின்றன. தோல் தொற்று, ரத்தக்குழாய் அடைப்பு, பார்வையிழப்பு வரை நேரலாம் என்று 2021 அக்டோபரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரித்தது. முதலில் கத்தி வேண்டாம் என்றார்கள். இப்போது ஊசியும் வேண்டாம், மருத்துவரும் வேண்டாம் என்கிறார்கள். ‘ஊசிதானே’ என்ற நினைப்பு வளர்ந்து வந்து சேர்ந்திருக்கும் இடம் இது.

யாருடைய அளவுகோல்?

மோவாய் குறை என்று முதலில் சொன்னது யார்? பல நேரம் அது கைப்பேசிதான். முகத்துக்கு 12 அங்குலத் தொலைவில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடித் தள்ளி எடுத்த படத்தைவிட மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். லென்ஸுக்கு அருகிலிருப்பது பெரிதாகும், தள்ளியிருப்பது சிறுக்கும். மூக்கு பெருத்தால் மோவாய் ஒடுங்கியதுபோல் தோன்றுவது இயல்பு. அதே 2018இல், செயலிகள் மெருகேற்றிய தங்கள் முகத்தையே மருத்துவரிடம் காட்டி ‘இப்படி ஆக்குங்கள்’ என்று கேட்கும் போக்கைப் பற்றி பாஸ்டன் தோல் மருத்துவர்கள் எழுதினார்கள். முன்பு நடிகையின் படத்தைக் கொண்டுவந்தார்கள். இப்போது தங்களுக்கு இல்லாத தங்கள் முகத்தையே கொண்டுவருகிறார்கள்.

மருத்துவ அறையில் உள்ள அளவுகோலிலும் ஒரு சாய்வு உண்டு. பக்கவாட்டு முகத்தில் மூக்கின் நுனியிலிருந்து மோவாய் நுனிக்கு ஒரு கோடு இழுத்து, உதடுகள் அதற்குச் சற்று உள்ளே இருக்க வேண்டும் என்று 1950களில் அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் ராபர்ட் ரிக்கெட்ஸ் வகுத்தார். அவர் வகுத்த அளவுகள் வெள்ளையின முகங்களைப் பார்த்து வகுத்தவை. உதடு சற்றுத் தடித்து முன்வந்திருப்பது நம் முகங்களில் சாதாரணம். அந்தக் கோட்டை அப்படியே நம் மீது இழுத்தால், நம் தெருவில் பாதிப் பேருக்கு மோவாய் போதாது என்றுதான் வரும். நம் பாட்டியிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்த முகச்சாயலை ஒரு கோடு குறைபாடாக்கிவிடக் கூடாது.

தென்மாவட்டங்களில் மோவாயை ‘நாடி’ என்பார்கள். கெஞ்சும்போதும் கொஞ்சும்போதும் நாடியைப் பிடிப்பது நம் வழக்கம். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கும் பிள்ளையை ஆச்சி நாடியைப் பிடித்துத்தான் எழுப்புவாள். பச்சை குத்திய தலைமுறைப் பெண்களில் பலருக்கு அந்த இடத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. குழந்தையின் முகம் மிக அழகாக இருந்தால் கன்னத்திலோ மோவாயிலோ மையால் திருஷ்டிப் பொட்டு வைத்து, குறையில்லாத முகத்துக்கு நாமே ஒரு குறையைத் தந்து காத்தோம். அதே சமூகம்தான் பெண் பார்க்கும் கூடத்தில் உட்கார்ந்து ‘முகவாயே இல்லையே’ என்கிறது. அந்தப் பேச்சு நிற்காதவரை, எத்தனை சட்டம் போட்டாலும் பயத்தில் போட்டுக்கொள்ளும் ஊசிகள் குறையப்போவதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

பிரான்ஸின் ஒரு நிறுவனம் தொழிற்சாலைகளுக்கான சிலிகானை மார்பகப் பொதிகளில் நிரப்பி விற்றது 2010இல் அம்பலமானது. அதையடுத்து பிரிட்டன் அரசு அழகுச் சிகிச்சைகளை ஆராய புரூஸ் கியோ தலைமையில் குழு அமைத்தது. கத்தியில்லா அழகுச் சிகிச்சை பெறுகிறவருக்கு, ஒரு பேனாவோ பல்துலக்கியோ வாங்குகிறவருக்கு உள்ளதைவிட அதிகப் பாதுகாப்பு இல்லை என்று அக்குழு 2013இல் சொன்னது. 2021 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது குற்றம். குறை தெரிந்தபின் அதில் ஒரு பகுதியை மூடவே எட்டு ஆண்டுகள் ஆயின.

நம்மிடம் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிலரங்குகளையும் யூடியூப் காணொளிகளையும் பார்த்ததை மட்டும் வைத்து யாரும் அழகுச் சிகிச்சை செய்யத் தொடங்கக் கூடாது என்கிறது. தகுதியில்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019ஆம் ஆண்டின் ஆணையச் சட்டம் சொல்கிறது. இத்தனை இருந்தும் பார்லர்களில் ஊசி ஏறுகிறது. ஆணையத்தின் வழிகாட்டுதல் மருத்துவரைக் கட்டுப்படுத்தும். மருத்துவரே இல்லாத இடத்தின் கதவை அது தட்டுவதில்லை. பார்லர் உள்ளாட்சியின் தொழில் உரிமத்தோடு நடக்கிறது. அங்கே சிரிஞ்ச் இருக்கிறதா என்று சுகாதாரத் துறை போய்ப் பார்ப்பதில்லை. எந்தத் துறை மருத்துவர் ஃபில்லர் போடலாம் என்று தோல் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் விவாதித்துக்கொண்டிருக்கும் வேளையில், எந்தத் துறையும் படிக்காதவர் போட்டுக்கொண்டிருக்கிறார்.

தமிழ்நாடு அரசு இதில் முந்திக்கொள்ள வேண்டும். அழகுக்காகத் தோலுக்கடியில் எதைச் செலுத்தினாலும் அது மருத்துவமே என்று ஒரு வரியில் அறிவிக்கலாம். அதைச் செய்யும் ஒவ்வோர் இடமும் மருத்துவ நிறுவனமாகப் பதிவு பெற வேண்டும்; போடுகிறவரின் பெயர், பதிவு எண், பயிற்சி சுவரில் தொங்க வேண்டும். ஹையலுரானிடேஸ் இல்லாத அறையில் ஃபில்லர் பெட்டி பிரிக்கப்படக் கூடாது. தரமான சிரிஞ்சுகளோடு தொகுப்பு எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் வருகிறது. ஒன்று மருத்துவப் பதிவேட்டிலும் இன்னொன்று நோயாளியின் கையிலும் இருக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு அழகு நோக்கில் போடுவதைத் தடை செய்ய வேண்டும். முதல் சந்திப்பு அன்றே போடக் கூடாது. ஆலோசனைக்கும் ஊசிக்கும் இடையில் சில வாரங்களாவது இருக்க வேண்டும். தள்ளுபடி, ‘இன்று மட்டும்’, ‘இருவர் சேர்ந்து வந்தால்’ என்ற விளம்பரங்களுக்கு இந்தச் சிகிச்சையில் இடமே இருக்கக் கூடாது. இவற்றுக்குப் பெரும் செலவில்லை. மாவட்டத்தில் போலி மருத்துவர்கள் மீதான புகார்களைப் பார்க்கும் அதிகாரிகளே பார்லர்களுக்குள்ளும் போய்ப் பார்க்கலாம்.

அந்தப் பெண்ணிடம் நான் அன்று ‘வேண்டாம்’ என்று சொல்லவில்லை. ஐந்தடித் தள்ளி நின்று அவளைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மருத்துவரின் பெயர் இருந்த விளம்பரத்துக்கு உரியவரிடம் போனோம். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல் பொருத்தத்தைப் பார்த்தார். குறட்டை உண்டா என்று கேட்டார். “கண்ணாடியில் பார்த்தபோது உனக்கே தோன்றியதா, யாராவது சொன்ன பிறகு தோன்றியதாம்மா?” என்று கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்தும் தோன்றினால் வா என்று, ஊசி போடாமலே அனுப்பிவிட்டார்.

அவள் இன்னும் முடிவெடுக்கவில்லை. முகம் அவளுடையது; முடிவும் அவளுடையது. சென்ற வாரம் அவளோடு வேலை செய்யும் பெண் வேறோர் இடத்தில் போட்டுக்கொள்ளப் போவதாகச் சொன்னாளாம். அவளிடம் இவள் விலையையோ எத்தனை நாள் தாங்கும் என்பதையோ கேட்கவில்லை. “கரைக்கிற மருந்து அங்கேயே வைத்திருக்கிறார்களா என்று முதலில் கேள்” என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.